உப்புவச்சான் மேட்டுக்குப் பேர் எழுதிய நாள்

பெருமாளு, முத்தம்மா, சின்னவனே,

போன மாதம் உங்களைத் தாலுகா ஆபீசுக்கு அழைத்துப் போயிருந்தேன். அங்கே சுவரில் மாட்டியிருந்த மலைப் படத்தை மூன்று பேரும் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டு நின்றீர்கள். குரங்கணிக்கு மேலே, கோடுகள் நெருக்கமாக ஓடும் இடத்தில், பொடி எழுத்தில் 'உப்புவச்சான் மேடு' என்று போட்டிருந்தது. அதன் பக்கத்திலேயே 'குடியிருப்பு இல்லை' என்றும் இருந்தது. முத்தம்மா என் வேட்டியைப் பிடித்து இழுத்து, "ஆளே இல்லாத எடத்துக்கு எதுக்கப்பா பேரு? யாரு கூப்பிடப் போறா?" என்று கேட்டாள்.

வீட்டுக்குப் போய் எழுதித் தருகிறேன் என்று சொல்லி உங்களை அழைத்து வந்தேன். நாலாம் வகுப்போடு படிப்பு நின்றவன் நான். ஆனால் அந்தப் பேர் அந்தப் படத்தில் ஏறியதில் உங்கள் அப்பனுக்கு ஒரு பங்கு உண்டு. ஏறாமல் போகப் பார்த்ததிலும் பங்கு உண்டு. இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

1. சங்கிலி பிடித்த முதல் நாள்

அப்போது போடிக்கு ரயில் கிடையாது. சர்வே சாமான்கள் அம்மையநாயக்கனூரில் இறங்கி, மாட்டு வண்டியில் வந்து சேரும். மலையை அளக்க ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ராசிங்காபுரத்திலிருந்து நடந்தே போய்ச் சேர்ந்தேன். எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். கையெழுத்துப் போடத் தெரியும், நூறு வரை தப்பில்லாமல் எண்ணத் தெரியும் என்பதற்காகச் சங்கிலிக்காரனாக எடுத்துக்கொண்டார்கள்.

சங்கிலி என்றால் கிணற்றுச் சங்கிலி இல்லை. அறுபத்தாறு அடி நீளம், நூறு கண்ணி. முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன் பிடித்து இழுத்துக்கொண்டே போக வேண்டும். எனக்குக் கூட்டாளி மாயாண்டி என்ற உப்புக்கோட்டைக்காரர்.

எங்கள் சர்வேயர் நாகலிங்கம் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். மலையையே கண்டிராத ஊரில் பிறந்தவர். ஆனால் கணக்கில் ஒரு நூல் பிசக விடமாட்டார். முதல் நாள் நான் சங்கிலியைச் சரிவில் தரையோடு தரையாகப் போட்டு இழுத்தேன். அவர் தூரத்திலிருந்தே கத்தவில்லை. பக்கத்தில் வந்து மெதுவாகத்தான் கேட்டார்.

"வீரணா, மலையை அளக்கச் சொன்னேனா, மலை முதுகைத் தடவிக் குடுக்கச் சொன்னேனா?"

சரிவில் சங்கிலியை மட்டமாகப் பிடிக்க வேண்டும். கீழே நிற்கிறவன் தன் முனையைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். இல்லாவிட்டால் அளவு கூடிவிடும். அன்று மாலை என் இரண்டு தோளும் கழன்று போய்விட்டன. கால் முழுக்க அட்டைக் கடி. இருந்தாலும் அதன் பிறகு ஒரு நாளும் சங்கிலியைத் தரையில் போடவில்லை.

அவரிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. எதையும் முதலில் பென்சிலில்தான் எழுதுவார். வாரக் கடைசியில் சரிபார்த்து, படம் வரைந்த ஷீட்டைப் போடிக் கூடாரத்துக்கு அனுப்புவார். அங்கே மை போட்டுவிட்டால் பிறகு அதை மாற்ற யாராலும் முடியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதை முழுக்க இந்தப் பென்சிலுக்கும் மைக்கும் நடுவில்தான் நடக்கிறது.

2. நான் செய்த தப்பு

குரங்கணியிலிருந்து மூன்று மணி நேரம் ஏறினால் ஒரு மொட்டை மேடு வரும். எந்நேரமும் காற்று; இடுப்பளவு புல். வீடில்லை, சாம்பல் குவித்த அடுப்பில்லை, ஒரு வாழைக் கன்றுகூட இல்லை. யானையும் காட்டுமாடும் நடக்கிற இடம் என்பதால் யாரும் அங்கே தங்கமாட்டார்கள். ஓரமாக ஒரு ஊற்று. அதன் தண்ணீர் வந்து விழ மூங்கில் தூம்பு ஒன்றை ஆள் முக உயரத்துக்குக் கட்டியிருந்தார்கள். தண்ணீர் பிடிக்க வசதியாகத் தாழ்த்திக் கட்டாமல் இதை ஏன் இவ்வளவு உயரத்தில் கட்டினார்கள் என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டும்.

அந்த மேட்டுக்கு மேலே ஒரு ஏலத் தோட்டம். அந்த எஸ்டேட்டின் கணக்கு எழுதும் ரைட்டர் அன்று எங்களோடு வந்தார். குள்ளமான மனிதர்; மழை இல்லாத நாளிலும் குடை வைத்திருப்பார். மேட்டையும் ஊற்றையும் தங்கள் எல்லைக்குள் சேர்க்க வேண்டும் என்பது அவருக்கு முதலாளி சொன்ன சோலி.

சர்வேயர் எங்களுக்கு விதியை விளக்கினார். ஜனங்கள் பேர் சொல்லிப் புழங்குகிற இடம் என்றால் பாதையையும் தண்ணீரையும் பொதுவாக விட்டுவிட வேண்டும். பேரும் இல்லை, புழக்கமும் இல்லை என்றால் பக்கத்துத் தோட்டம் கேட்டால் கொடுத்துவிடலாம். அதனால் ஷீட்டில் பேர்க் கட்டம் என்று ஒன்று உண்டு. புழங்குகிறவர்கள் வாயால் கேட்டுத்தான் அதை நிரப்ப வேண்டும்.

"பொழக்கமா?" என்றார் ரைட்டர். "நடந்து போறவங்க இருக்காங்க சார், நான் இல்லேங்கல. அவங்களுக்குக் கீழ பள்ளத்தச் சுத்தி வேற பாதை வெட்டிக் குடுத்துர்றோம். ஆளில்லாத காட்டுக்கு என்ன பேரு இருக்கப் போவுது?"

அந்தப் பள்ளத்துப் பாதை மூன்று மைல் கூடுதல். வழியில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. எனக்கு அது நன்றாகத் தெரியும். ஏனென்றால் மேட்டுப் பாதையில் தலைச்சுமையாக உப்பு ஏற்றுகிறவர்களில் உங்கள் மாமன் மொக்கையனும் ஒருவர். சிலமலை, ராசிங்காபுரம், குரங்கணி ஆட்கள் சேர்ந்து ஏழெட்டுப் பேராக ஏறுவார்கள். ஏலத் தோட்டத்துக் கூலியாட்கள் குடியிருக்கும் லயங்களுக்கு உப்பு அவர்கள் தலையில்தான் போக வேண்டும்.

அதனால் நான் முந்திக்கொண்டேன். சங்கிலிக்காரன் வாய் திறக்கக் கூடாத இடத்தில் வாய் திறந்து, "ஐயா, இப்ப உப்புச் சொமைக்காரங்க ஏறி வருவாங்க. அவங்களக் கேளுங்க, பேரு சொல்லுவாங்க" என்றேன். எங்கள் மச்சான் வாயாலேயே பேர் வரட்டும் என்று எனக்கு ஒரு பெருமை.

சொன்ன மாதிரியே வந்தார்கள். வரிசையாக, ஒருவர் பின் ஒருவராக, தலையில் மூட்டையோடு. சர்வேயர் பாதையோரம் நின்று முதல் ஆளைக் கேட்டார். அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, "தெரியாதுங்க" என்று சொல்லி நடந்துவிட்டார். இரண்டாவது ஆளும் தெரியாது என்றார். மூன்றாவது ஆள் பதிலே சொல்லவில்லை. நாலாவது உங்கள் மாமன். நான் முன்னால் போய் நின்று, "மச்சான், இந்த எடத்துக்குப் பேரு சொல்லுங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"சோலியப் பாருங்க மாப்ளே" என்று சொல்லிவிட்டு என்னைச் சுற்றிக்கொண்டு ஏறினார்.

மேட்டில் ஒரு தட்டைப் பாறை இருந்தது. ஒவ்வொருவரும் அதைக் கடக்கும்போது மடியில் கை விட்டுப் பாறையைத் தொட்டுவிட்டுப் போனார்கள். கும்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். ரைட்டர் குடையை ஊன்றிக்கொண்டு சிரித்தார்.

சர்வேயர் பேர்க் கட்டத்தில் பென்சிலால் 'பெயர் இல்லை' என்று எழுதினார். திங்கட்கிழமை மாலை ஷீட்டு போடிக்குப் போகும் என்றார்.

3. சிலமலையில் வாங்கிக் கட்டிக்கொண்டது

சனிக்கிழமை லீவு கிடைத்தது. உங்கள் அம்மா அப்போது சிலமலையில் பிறந்த வீட்டில் இருந்தாள். நான் உள்ளே நுழைவதற்கு முன்பே விஷயம் போய்ச் சேர்ந்திருந்தது.

"சொமையோட நிக்கிறவங்களப் பிடிச்சுப் பேரு கேட்டீகளாமே" என்றாள். "எங்கண்ணன் மூணு நாளா அதச் சொல்லிச் சொல்லிச் சிரிக்குது. எனக்கு வெளிய தல காட்ட முடியல."

மொக்கையன் மச்சான் கம்பங்கூழைக் கையில் வைத்துக்கொண்டு, என்னை உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னார். அவர் சொன்னதை என் வார்த்தையில் தருகிறேன்.

முன்னொரு காலத்தில் இரண்டு பேர் உப்புச் சுமையோடு ஏறியிருக்கிறார்கள். மேட்டுக்கு வந்ததும் ஒருவனுக்கு மலைக் காய்ச்சல் கண்டு கால் மடங்கிவிட்டது. மற்றவன் தன் உப்பு மூட்டையை அந்தப் பாறை மேல் வைத்துவிட்டு, கூட வந்தவனை முதுகில் போட்டுக்கொண்டு குரங்கணி வரைக்கும் இறங்கினான். காய்ச்சல்காரன் பிழைத்தான். எட்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் மூட்டை கிழிந்து கிடக்கிறது. உப்பையெல்லாம் காட்டுமாடு நக்கித் தீர்த்திருக்கிறது. அன்றிலிருந்து ஏறுகிற ஒவ்வொருவரும் ஒரு பிடி உப்பைப் பாறையில் வைத்துவிட்டுப் போகிறார்கள். அந்த உப்புக்காகக் காட்டுமாடு பாறைப் பக்கமே நின்றுவிடும், பாதைக்கு வராது என்று ஒரு நம்பிக்கை. இடத்துக்குப் பேர் உப்புவச்சான் மேடு.

"அவன் பேரு என்ன மச்சான்?"

"அதான் சொன்னேனே, உப்பு வச்சவன். அதுக்கு மேல அவனுக்கு என்ன பேரு வேணும்?"

"பெறகு ஏன் அன்னைக்குச் சொல்லல?"

"மாப்ளே, அது சொமைய எறக்கி வச்சவன் பேரு. ஏறுறப்ப அந்தப் பேரச் சொன்னா நமக்கும் எறக்கி வைக்கணும்னு தோணிரும். ஒருக்கா எறக்கிட்டா அந்த மேட்டுல மறுபடி தூக்கிவிட ஆளு ஏது? அதனால தலையில சொமை இருக்கிற மட்டும் அந்தப் பேரு யார் வாயிலயும் வராது. தண்ணிகூட நின்னமேனிக்குத்தான் குடிப்போம். எறங்கி வர்றப்ப வெறுந்தலை. அப்பக் கேளுங்க, ராவெல்லாம் சொல்லுறேன்."

தூம்பு ஏன் முக உயரத்தில் இருந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தப் பேர் இல்லாமல் போனால் அந்த ஊற்றும் போய்விடும் என்று நானும் சொன்னேன். மச்சான் சிரிப்பை நிறுத்திவிட்டார். கூழைக் கீழே வைத்துவிட்டார். தண்ணீரில்லாத பள்ளத்தில், தலையில் மூட்டையோடு மூன்று மைல் கூடுதலாக நடப்பது என்ன என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"நீங்க செஞ்ச வேலை. நீங்கதான் சரி பண்ணணும்" என்றாள் உங்கள் அம்மா.

4. வெறுந்தலையோடு வந்தவர்கள்

ஞாயிறு மத்தியானம் குரங்கணிக் கூடாரத்தில் சர்வேயரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு கேட்டுவிட்டுச் சொன்னார்.

"நீ சொல்றதை நம்பறேன். ஆனா அவன் உன் மச்சான். நீ சொல்லிக்குடுத்தேன்னு ரைட்டர் ஒரு வார்த்தை எழுதினா என் ஷீட்டு திரும்பி வந்துடும். பென்சிலை அழிக்க ரப்பர் போதும்டா. ரப்பருக்கு ஒரு காரணம் வேணும்."

அன்று சுமைக்காரர்கள் மறுபடி உப்போடு ஏறியிருந்தார்கள். திங்கள் காலை வெறுந்தலையோடு இறங்குவார்கள். ஷீட்டு போவதற்குள் அந்த ஒரு காலைதான் இருந்தது. அவர் ரைட்டருக்கும் ஆள் அனுப்பி வரச் சொன்னார்.

திங்கள் காலை மேட்டுக்கு வந்ததும் சர்வேயர் செய்த முதல் வேலை என்னை விரட்டியது. எதிர்க் குன்றில் கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார். நான் ஒரு வார்த்தைகூடப் பேசவோ கேட்கவோ கூடாது. மாயாண்டியை மேல் வளைவில் நிறுத்தி, இறங்குகிறவர்களை ஒவ்வொருவராக அனுப்பச் சொன்னார். விசாரணை முடிந்தவர் கீழே ஊற்றுப் பக்கம் போய்விட வேண்டும். வருகிறவரும் போகிறவரும் ஒரு சொல் பேசிக்கொள்ள வழியில்லை.

பிள்ளைகளே, அந்த ஒரு மணி நேரம் போல் எனக்கு இன்னொரு மணி நேரம் வாய்த்ததில்லை. எதிரே ஆட்கள் விரல் உயரத்துக்குத் தெரிகிறார்கள். ஒருவர் வருகிறார், கை நீட்டுகிறார், போகிறார். பென்சில் அசைகிறது. என்ன சொன்னார் என்று தெரியவில்லை. காற்றில் கொடி என் முகத்திலேயே அடிக்கிறது. ரைட்டரின் குடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் ஆளுக்குக் குடை ஊன்றியபடி இருந்தது. மூன்றாவது ஆளுக்கு விரிந்தது. ஐந்தாவது ஆளுக்கு மடங்கியது. ஏழாவது ஆள் போன பிறகு அது சர்வேயர் முகத்துக்கு நேரே ஆடியது. சண்டை என்று நினைத்தேன்.

அங்கே நடந்ததை மாயாண்டி பிறகு சொன்னார். ஏழு பேரும் ஒரே பேரைத்தான் சொன்னார்கள். ஆனால் அந்த உப்பு வச்சவன் எந்த ஊர்க்காரன் என்று சர்வேயர் கேட்டபோது, சிலமலை ஆட்கள் சிலமலை என்றார்கள். குரங்கணி ஆள், "எங்கூருக்காரன்ங்க, அவன் வகையறா இன்னும் இருக்கு" என்றார். ராசிங்காபுரத்து ஆள் அடித்துப் பேசி, மற்ற ஊர்க்காரன் எவனாவது உரிமை கொண்டாடினால் தன்னிடம் அனுப்பச் சொன்னார்.

ரைட்டர் இதைப் பிடித்துக்கொண்டார். ஊரே ஒத்து வரவில்லை, எல்லாம் கட்டுக்கதை, ராத்திரி உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்டு வந்த பேர் என்றார்.

சர்வேயர் சொன்னாராம்: "பேசி வச்சிருந்தா ஊரையும் பேசி வச்சிருப்பாங்க. ஆளுக்கொரு ஊர் சொல்றாங்களே, அதனாலதான் நம்பறேன்."

அந்த நேரம் பார்த்து எஸ்டேட் தபால்காரன் குட்டன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேலிருந்து இறங்கினான். மலைக்கு அந்தப் பக்கத்து மலையாளத்து ஆள். இந்த விசாரணை எதுவும் அவனுக்குத் தெரியாது. ரைட்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இவன் எங்க ஆளு. எங்க சம்பளம் வாங்குறவன். இவனக் கேளுங்க சார்" என்று அவரே கூப்பிட்டு நிறுத்தினார்.

"இந்த எடத்துக்குப் பேர் உண்டா?" என்று கேட்டார் சர்வேயர்.

"உண்டல்லோ சாரே. உப்புவச்சான் மேடு. எல்லார்க்கும் அறியாம்."

"உன் தோளில் சுமை இருக்கே, பேரைச் சொல்லலாமா?"

"காகிதம் ஒரு சொமையோ சாரே?" என்று சிரித்தான் குட்டன். போகிறவன் சும்மா போகவில்லை. "ஆ மனுஷன் ஞங்ஙளுடெ நாட்டுக்காரன்" என்று, அந்த ஆள் தங்கள் ஊர்க்காரன் என்பதையும் சேர்த்துவிட்டுப் போனான்.

குடை அப்படியே தொங்கிவிட்டதாம். சர்வேயர் நேராகப் பாறைக்குப் போய்க் குனிந்து தடவிப் பார்த்தார். ஆட்டுக்கல் குழி மாதிரி வழவழவென்று பத்துப் பன்னிரண்டு பள்ளங்கள். உளி பட்ட தடம் இல்லை. நாக்குப் பட்டுத் தேய்ந்தது. முந்தின நாள் வைத்த உப்பு ஒரு பள்ளத்தில் ஈரமாக மிச்சமிருந்தது. தூம்பு உயரத்தையும் அளந்து எழுதிக்கொண்டார்.

பிறகுதான் அவர் கொடி ஆடியது. மூன்று சுற்று. சங்கிலியோடு வா என்று அர்த்தம். நான் குன்றை ஓடி இறங்கினேனா உருண்டு இறங்கினேனா என்று இன்றைக்கும் தெரியாது. என் முட்டியில் இருக்கிற தழும்பைக் காட்டிச் சின்னவன் கேட்பானே, அது அன்று வாங்கியது.

என் கண் முன்னால் ரப்பரால் அழித்தார். தூளை ஊதிவிட்டு, அதே கட்டத்தில் 'உப்புவச்சான் மேடு' என்று எழுதினார். "படி" என்று என்னிடம் காட்டினார். எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஊற்றுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஏழு பேருக்கும் கேட்கும்படி மறுபடி ஒரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன். மொக்கையன் மச்சான் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அன்று ஊற்றையும் பாறையையும் பாதையையும் வளைத்து நானும் மாயாண்டியும் சங்கிலி பிடித்தோம். ஒரு கண்ணிகூடத் தொய்யவில்லை. எஸ்டேட் எல்லை மேட்டுக்கு மேலே, நூறு கஜம் தள்ளி நின்றது. கல்லை நட்டது நானும் மச்சானும்.

ரைட்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. "மொதலாளி சொன்னத நான் கேட்டுப் பாத்தேன், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். தூம்பு எட்டவில்லை. எம்பிப் பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை, அடக்கிக்கொண்டு நின்றார்கள். மச்சான்தான் போய் மூங்கிலை வளைத்துப் பிடித்தார். "குடிங்க ரைட்டரய்யா. இது பொதுத் தண்ணிதான்" என்றார். அதற்குப் பிறகு ரைட்டர் உட்பட எல்லோரும் சிரித்தோம்.

5. நான் படித்துக்கொண்டது

இருபது வருஷம் சங்கிலி பிடித்தேன். அந்தத் தப்பை மறுபடி செய்யவில்லை. ஒருவரிடம் ஒன்றைக் கேட்பதற்கு முன்னால் அவர் தலையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பேன். இறக்கி வைத்த பிறகு கேட்பேன். தெரியாது என்று ஒருவர் சொன்னால், நான் கேட்ட நேரம் தப்போ என்று முதலில் யோசிப்பேன். சர்வேயே இல்லாத வேலைக்குப் போனாலும் இது உங்களுக்கு உதவும்.

முத்தம்மா, நீ கேட்டதற்குப் பதில். அந்த மேட்டில் யாரும் குடியிருக்கவில்லை. ஆனால் அதைக் கடக்கிறவர்கள் நாலு ஊரில் இருக்கிறார்கள். கூப்பிடுவதற்கு அவர்கள் இருக்கிறார்கள்.

இன்னும் ஒன்று பாக்கி. இதை உங்கள் அம்மாவுக்கும் சொன்னதில்லை.

சர்வே முகாம் குரங்கணியை விட்டுக் கிளம்புவதற்கு முந்தின நாள், லீவு கேட்டுக்கொண்டு, ஒரு உப்பு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நான் மட்டும் ஏறினேன். எனக்குச் சுமை பழக்கமில்லை. மேட்டுக்கு வருவதற்குள் கழுத்து இறங்கிவிட்டது. தூம்பில் நின்றபடியே குடித்தேன். பாறையில் ஒரு பிடி உப்பு வைத்தேன். பேர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மூட்டையை இறக்கிவிடலாம் என்று கூடவே தோன்றியது. மச்சான் சொன்னது பொய்யில்லை. வாயை இறுக மூடிக்கொண்டு ஏறிப் போய், மேல் லயத்தில் மூட்டையை ஒப்படைத்தேன்.

இறங்கும்போது வெறுந்தலை. பாறையில் நான் வைத்த உப்பு இல்லை. பள்ளம் ஈரமாக இருந்தது. சுற்றுமுற்றும் பார்த்தேன். ஒருவரும் இல்லை. பாறைப் பக்கத்தில் நின்று அந்தப் பேரை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.